வயலினுக்கு ஒரு மணவறை

லாசாலில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் போக முடியாது. உள்ளே, ஒத்திகைக்கு வந்த ரிவ்கா கிளாரினெட் ஊதிக்கொண்டிருப்பாள். ஓடு பதித்த சுவரில் பட்டால்தான் நாதம் சரியாக வருமாம். நான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நிற்பேன். முடித்துக்கொண்டு வருகிறவள், "பொன்ஜூர், மிஸ்யூ" என்று சிரிப்பாள். மொன்றியலுக்கு வந்து பன்னிரண்டு வருடம். பனியைப் பழகிவிட்டேன், பிரெஞ்சைப் பாதி பழகிவிட்டேன், சொந்தக் குளியலறைக்கு வரிசையில் நிற்பதை மட்டும் இன்னும் பழகவில்லை.

ரிவ்கா என் மகள் சுகியோடு பல்கலைக்கழகத்தில் படிக்கிற யூதப் பிள்ளை. பழைய இத்திஷ் மொழிப் பாட்டுகளைத் தேடித் திரிபவள். அவளோடு புசூக்கி மீட்ட ஒரு கிரேக்கப் பொடியன், சாஸ் மீட்ட ஒரு துருக்கிப் பொடியன், பாடுவதற்கு ஒரு செபார்டிக் பெட்டை. அதாவது எந்தக் காலத்திலோ ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழியில் வந்தவள். ஐந்தாவது ஆள் எங்கள் கர்நாடக வயலினோடு சுகி. மற்ற நாலு பேரின் வீட்டிலும் கலியாணத்துக்கு ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சொல் மட்டும் நாலு மொழியில். உடனே என் சாப்பாட்டு மேசையில், அது யாருடைய மெட்டு என்று சண்டை. வடை வைத்தால் நிற்கும், வடை முடிந்ததும் தொடங்கும். அந்த மெட்டும் எங்களைப்போல ஊர் ஊராக ஓடி, போன இடமெல்லாம் அகதியாகப் பதிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், எங்கள் வயலினை நின்று வாசிக்க முடியாது. நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, அதன் தலையை வலது பாதத்தில் முட்டுக்கொடுத்துத்தான் வாசிக்க வேண்டும். முதல் நிகழ்ச்சியில் நாலு பேரும் நின்றார்கள், இவள் நிலத்தில் இருந்தாள். சபைக்கு இவளின் உச்சி வகிடுகூடத் தெரியவில்லை. முடிந்தபின் ஒரு மனிசி ரிவ்காவிடம், வயலினை மட்டும் ஒலிநாடாவில் போட்டீர்களா என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்த சுகி வயலின் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"அடுத்த நிகழ்ச்சியோட சரி அப்பா. அதுக்குப் பேந்து இதைத் தொடமாட்டன். சே ஃபினி."

ஏழு வயதில் அவளைச் சனிக்கிழமைதோறும் வயலின் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். மெட்ரோவில் பெட்டி என் மடியில் இருக்கும், அவள் வாய் ஓயாமல் தமிழில் கதைத்துக்கொண்டு வருவாள். இப்போது எனக்குக் கிடைப்பது ஓமுக்கு "உய்", இல்லைக்கு "நோன்" இரண்டும்தான். வயலினைப் பற்றி என்றால் மட்டும் நாலு வசனம் தமிழில் வரும். அந்தப் பெட்டியும் மூடிவிட்டால் தகப்பனுக்கும் மகளுக்கும் கதைக்க என்ன மிச்சம்? பயந்துபோனேன்.

நான் கிழமை நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவன். சனி ஞாயிறில் தமிழ்க் கலியாணங்களுக்கு மணவறை சோடிப்பவன். இது யாழ்ப்பாணத்திலேயே கையில் இருந்த தொழில். பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே சோடனை வெட்டுகிற ரெஜிபோம் நுரைப்பலகை கிடைக்காது. வாழைத்தண்டில் யானை வெட்டி வைப்பேன். தாலி கட்டி முடியுமுன் தும்பிக்கை வாடி விழுந்துவிடும். பெண் வீட்டார் சகுனம் பார்த்து என்னை முறைப்பார்கள்.

ஆகவே ரிவ்கா வந்து, சுகிக்கு உயரமாக ஓர் இருக்கை இருந்தால் போதும் என்றபோது, விடு பிள்ளை, அது என் பொறுப்பு என்றேன். சப்பாணி கட்ட அகலமாக என்னிடம் இருந்தது மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற இரட்டை இருக்கைதான். அடுத்த நிகழ்ச்சி நடக்கிற புரோசார்ட் மண்டபத்தில் அதைத் தனியே வைத்துப் பார்த்தேன். மூளியாக இருந்தது. வெறும் பலகையில் பெண்பிள்ளையை இருத்த மனம் வருமா? இரண்டு தூண் நட்டேன். தூண் வந்தால் யானை வேண்டாமா? யானையும் வந்தது. மின்குத்துவிளக்கு, நிறைகுடம், பின்னால் சிவப்புப் பட்டு.

சுகி வந்து பார்த்தாள். "அப்பா, நான் என்ன கலியாணமே கட்டப்போறன்?"

"இருந்து பார். எல்லாருக்கும் தெரிவாய்."

வேறு வழியில்லாமல் ஏறி இருந்தாள். தெரிந்தாள், தேவைக்கு மேலே தெரிந்தாள். நாலு சனத்திலும் தாய் தகப்பன், மாமன் மாமி என்று மண்டபம் நிறைந்திருந்தது. இடைவேளையில் ஒரு கிரேக்கப் பெரியவர், உங்கள் மகளா என்று பிரெஞ்சில் கேட்டார். உய் என்றேன். "ஃபெலிசிட்டாசியோன்" என்று வாழ்த்தி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வாசிப்பைப் பாராட்டுகிறாராக்கும் என்று மெர்சி சொன்னேன். பிறகு வரிசையாக வந்து முத்தமிட்டார்கள். ஒரு துருக்கி அம்மா, சுகிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைக் காட்டி, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டபோதுதான் விசயம் விளங்கியது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

"பா மரியாஜ்" என்றேன். கலியாணம் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அவ கண் கலங்கி என் கையைத் தடவினா. மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று எடுத்துக்கொண்டுவிட்டா. ஐந்து நிமிடத்தில் செய்தி நாலு மொழியில் மண்டபம் முழுக்கப் போய்விட்டது. சனம் சுகியை அப்படி ஓர் இரக்கத்தோடு பார்த்தது.

இடைவேளை முடிந்து அந்தக் கலியாண மெட்டைத் தொடங்கினார்கள். சபை எழுந்து அவரவர் மொழியில் பாடியது. ரிவ்காவின் மாமன்மார் மேடைக்கு ஏறினார்கள். பொம்பிளையைக் கதிரையோடு தூக்கி ஆடுவது அவர்கள் வழக்கம். கைவிடப்பட்ட பொம்பிளையை விடுவார்களா? கிரேக்கரும் துருக்கியரும் ஓடிவந்து ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். இரட்டை இருக்கை வயலினோடு மேலே போனது. அதன் பின்னங்கால் ஒன்று வெடித்து, நான் ஆணி அடித்து ஒப்பேற்றி வைத்தது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கவனம், கவனம்" என்று கத்தினேன். வாழ்த்தாக்கும் என்று அவர்களும் தாளத்துக்கு "கவனம், கவனம்" என்று பாடத் தொடங்கினார்கள். பிடிக்கப் போனால் நாலு காலுக்கும் ஆள் இருந்தது, எனக்கு ஒரு காலும் மிச்சமில்லை. குனிந்து உள்ளே பூந்து, நடுப்பலகையை இரண்டு கையாலும் தாங்கினேன்.

மேலே இருந்து அவள் எட்டிப் பார்த்தாள். வில் நிற்கவில்லை.

"அப்பா, விடாதேங்கோ."

"விடேல்லை. நீ வாசி."

"வடிவாத் தெரியுது அப்பா, எல்லாரையும் தெரியுது. அடுத்தமுறை யானை மட்டும் வேண்டாம், என்ன?"

அடுத்தமுறை என்றாள். ஓம் பிள்ளை என்று சொல்ல வாயெடுக்குமுன் கூட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. கைகள் என் பிள்ளையைத் தாங்கியிருக்க, கால்கள் எந்த ஊர் ஆட்டத்தில் என்று தெரியாமலே நானும் கூடச் சுற்றினேன்.