ஐந்து வாரம் கழித்து வந்த காய்ச்சல்

கொரோனா இரண்டாம் அலையின்போது கருங்குழியில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கும் தற்காலிக வேலை ரேணுகாவுக்கு. அதற்கு முன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை தெரிந்ததும் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஆனாலும் எந்த வீட்டில் யாருக்கு எப்போது வந்தது என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லுவாள்.

ஜூன் கடைசியில், சிறுசேரிக்கு வேன் ஓட்டும் ஜோயல் வீட்டுக்குப் போனாள். அவனுடைய ஏழு வயது மகள் கவியா பாயில் சுருண்டு கிடந்தாள்.

"நாலு நாளா காய்ச்சல்க்கா. வயித்து வலி, வாந்தி. கடை பிரியாணி ஒத்துக்கலன்னு மாத்திரை குடுத்துகினு கீறோம்" என்றான் ஜோயல்.

ரேணுகா குனிந்து பார்த்தாள். பீளை இல்லை, ஆனால் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. வயிற்றில் திட்டுத்திட்டாகத் தடிப்பு. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் சரியாக இருந்தது. நாடித் துடிப்புதான் நூற்று ஐம்பது.

"உனக்கு மே இருபதுல தான பாசிட்டிவ் வந்துச்சு?"

"அது போயி அஞ்சு வாரம் ஆவுது. புள்ளைக்கு ஒண்ணுமே வர்லியே."

"தெரியாமயே வந்து போயிருக்கும்."

கொரோனா போன சில வாரத்தில் குழந்தையின் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும், இதயம்கூட வீங்கும் என்று பயிற்சியில் ஒரு டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. தப்பாகச் சொல்லி அலைய வைத்துவிட்டால் என்ற பயமும் இருந்தது.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்பு, ஜோயலு."

"அங்க போனா கொரோனாவே ஒட்டிக்கும்க்கா."

"நானும் வரேன். இது வூட்ல வெச்சிகினு பாக்குற காய்ச்சல் இல்ல."

108-ஐ அவளே கூப்பிட்டாள். குழந்தைகள் வார்டில் எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா, தகப்பனுக்குக் கொரோனா வந்த தேதியைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள்.

"இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்கு. மருந்து ஏத்துறோம். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்றார்.

மூன்று நாள் தீவிர சிகிச்சை. ஒன்பதாம் நாள் கவியா வீடு திரும்பினாள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயம் சீராக இருந்தது.

கவியா வீடு திரும்பிய நாளிலிருந்து வேலை முடியும்வரை, கொரோனா வந்துபோன ஒவ்வொரு வீட்டுக்கும் குணமான பிறகும் ஆறு வாரம் ரேணுகா போய் வந்தாள்.

"பெரியவங்க இருக்கட்டும். புள்ளைய கூப்புடு, கண்ண பாக்கணும்" என்பாள்.

சிலர் சிரித்தார்கள். பிள்ளை வெளியே வரும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.