முனையில் ஒரு படி

போன வாரம் கடையநல்லூரில் என் தோழி நசீராவின் வீட்டுக்குப் போயிருந்தேன். பெல் அடித்தேன்... யாரும் வரவில்லை. கார் ஷெட்டில் ஏதோ மெஷின் இரைச்சல். எட்டிப் பார்த்தால், அவள் கணவர் பஷீர் அண்ணன் தலை முதல் கால் வரை மரத்தூளாக நிற்கிறார். பக்கத்தில் வீல்சேரில் நசீரா, காதில் பஞ்சோடு.

பைக்கில் இருந்து விழுந்ததில் நசீராவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஷார்ஜாவில் சூப்பர்மார்க்கெட் மேனேஜராக இருந்த அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்தார். கூடவே, மேஜை மேல் வைக்கிற சைஸில் ஒரு பிளேனர் — மரம் இழைக்கிற மெஷின். லீவு நாளில் அவருக்கு அங்கே அதுதான் பொழுதுபோக்கு.

இப்போது குற்றாலத்தில் சீசன். நசீராவுக்குப் போக ஆசை. ஆனால் ஒரு கண்டிஷன். நாலு பேர் பார்க்கத் தூக்கிக் காரில் வைப்பதாக இருந்தால் வர மாட்டாள்! வீல்சேருக்கும் கார் சீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை இருந்தால், கையை ஊன்றி அவளே நகர்ந்துகொள்வாள். கடையில் வாங்கியது எட்டவில்லை. அதனால் அண்ணன் பழைய மரத்துண்டுகளை வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

மெஷினில் இருந்து பலகை பளபளவென்று வந்தது. தொட்டுப் பார்த்து, அருமை என்றேன். நசீரா மணிக்கட்டின் உள்பக்கத்தால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். முனைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

“இங்கன ஒரு படி இருக்கு.”

படியா? கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. இரண்டு முனையிலும் நாலு விரல் அகலத்துக்கு மெஷின் கூடுதலாகச் சீவியிருந்தது. இதற்கு ‘ஸ்னைப்’ என்று பெயராம்.

இம்மிப் பள்ளம்தானே என்று கேட்டுவிட்டேன். நசீரா கோபப்படவில்லை.

“கால்ல உரசினா எனக்குத் தெரியாதுட்டி. தோலு வழண்டு புண்ணான பெறகுதான் தெரியும். அதுக்கும் சேத்து கைதான் பாக்கணும்.”

ஒரு பொருள் சரியாக இருக்கிறதா என்பது யார் தொட்டுப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்ததோ?

அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். படி போனது, பள்ளம் போகவில்லை. அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார். பிளேடுக்கு முன்னால் ஒரு உருளை, பின்னால் ஒரு உருளை. இரண்டும் பிடித்திருக்கும்வரை பலகை ஆடாது. நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒன்றுதான் பிடிக்கிறது. அந்த நேரத்தில் முனை எம்பி பிளேடில் இடித்துக்கொள்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குறைந்தது... ஆனாலும் நசீராவின் மணிக்கட்டு பாஸ் போடவில்லை.

வீடு கட்டியபோது மிஞ்சிய தேக்குப் பலகை ஒன்றுதான் இருந்தது. அளவு மிகச் சரி. முனையை வெட்டிக் கழிக்க வழியில்லை. அண்ணன் மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சேர்ல இருந்து கட்டிலுக்கு மாறும்போது நானும் இப்படித்தான விழுதேன்? ஒரு கை விட்டு மறு கை பிடிக்கதுக்குள்ள,” என்றாள் நசீரா. “அதுக்கு முன்னயும் பின்னயும் வேற கட்டைய முட்டக் குடுங்க. விழுதது அது விழட்டும்.”

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு எழுந்தார்.

அதே கனத்தில் முன்னால் ஒரு கழிவுக்கட்டை, நடுவில் தேக்கு, பின்னால் இன்னொரு கழிவுக்கட்டை. ரயில் பெட்டி மாதிரி இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நுழைந்தன. ஒவ்வொரு முறையும் மெல்லிசாகத்தான் சீவினார். இரண்டு பள்ளமும் கழிவுக்கட்டைகளில் விழுந்தன. நசீரா ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தடவினாள். திரும்பவும் தடவினாள்.

“இது எனக்கு,” என்றாள்.

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மரத்தூள்தான் என்றார். நானும் நம்பினேன்.

ஓரங்களை மழுக்கி, பாலிஷ் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டோம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெரியவர் கை கொடுக்க ஓடி வந்தார். “இருக்கட்டும் அண்ணாச்சி, நானே எறங்கிக்கிடுதேன்,” என்று சொல்லிவிட்டு நசீரா பலகையில் வழுக்கி வீல்சேருக்கு வந்து சேர்ந்தாள்.

சாரல் வலுத்தது. நசீரா ஆசை தீர நனைந்தாள், நானும் நனைந்தேன். பஷீர் அண்ணன் அவசரமாகக் குடையை விரித்தார் — பலகைக்கு!