வொலியின் நிரந்தர முகவரி

என் கடவுச்சீட்டு காலாவதியாகப் போகிற செய்தியை எனக்குச் சொன்னது அரசாங்கம் அல்ல, என் மனைவி. மகளின் காவினுக்கு, அதாவது நிக்காஹுக்கு, நாள் குறித்தாயிற்று, டிக்கட் போடப் பாஸ்போட்டைப் படம்பிடித்து அனுப்புங்கள் என்றாள். அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் சாய்ந்தமருதிலிருந்து அழைப்பு.

"இன்னும் நாலு மாசத்துல முடியுதாம். டிக்கட் போடுறவர் சொல்றார், ஆறு மாசமாவது இரிக்கோணுமாம், இதோட வந்தா திரும்பிப் போகேலாதாம். நீங்க அத ஒருக்காலும் திறந்து பாக்கிறல்லயா?"

"பாப்பன், பாப்பன். புதுசு எடுப்பன்."

"பாப்பன் எண்டு சொல்லிக் காலத்தப் போக்காதீங்க. நீங்க வராட்டி உங்கட தம்பிய வொலியா வெச்சுக் காவின எழுதிருவம்."

வொலி என்றால், பெண்ணுக்காக நின்று சம்மதம் சொல்லி அவளைக் கொடுக்கிறவர். அது தகப்பனுக்கு உரியது. பதினெட்டு வருஷமாக இந்த வளைகுடா வெயிலில் வெந்து, பிள்ளையின் பல் விழுந்ததையும் முளைத்ததையும் தொலைபேசியில் பார்த்தவன் நான். நேரில் வந்து செய்ய எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் என் தம்பி செய்வதா? என் கலியாணத்திலேயே மாப்பிள்ளையைவிட அதிகப் படத்துக்கு நின்றவன் அவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாளே லீவு போட்டுத் தூதரகத்துக்குப் போனேன்.

படிவத்தில் பெயர், பிறந்த இடம் எல்லாம் மளமளவென்று நிரப்பினேன். "நிரந்தர முகவரி" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

இந்தப் படிவத்தைத் தயாரித்தவர் எங்கள் பக்கம் ஒரு நாளும் வந்திருக்கமாட்டார். எங்கள் ஊர்களில் வீடு என்பது பெண்ணுக்கு. ஆண் என்பவன் அங்கே தங்கிப் போகிறவன். நான் பிறந்தது மருதமுனையில், உம்மாவின் வீட்டில். மூத்தவள் ராத்தாவுக்குக் கலியாணம் வந்ததும் அது ராத்தாவின் வீடாயிற்று. பிறகு எனக்குக் கலியாணமாகி, ஒரு சூட்கேசோடு கல்முனையைக் கடந்து சாய்ந்தமருதுக்கு, மனைவியின் வீட்டுக்கு வந்தேன். அதை இடித்து, மாடி வைத்து, மாபிள் பதித்தேன். பதித்து முடித்த கையோடு, போன மாதம் மகளின் பெயருக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். எனக்கும் மனைவிக்கும் பின்வளவில் இரண்டு அறை கட்டுகிறோம். அது மனைவியின் பெயரில். என் பெயரில் இருப்பது இறக்காமத்தில் ஒரேயொரு வயல்துண்டு. அங்கே நிரந்தரமாக வசிப்பது யானை.

முதலில் மருதமுனையை எழுதினேன், அடையாள அட்டையில் அதுதான் இருக்கிறது. பிறகு மனது கேட்காமல் வெட்டிவிட்டுச் சாய்ந்தமருதை எழுதினேன். கவுண்டரில் இருந்த இளம் பெண் அதிகாரி வெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டுல எது நிரந்தரம்?"

"நம்மட ஊருல ஆம்பிளைக்கு அப்பிடி ஒண்டு இல்ல பிள்ள."

அவர் சிரிக்கவில்லை. "சரி, சாய்ந்தமருது வீடு உங்கட வீடுதானே?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்த தகப்பனின் வாயைப் பூட்ட இன்னும் எந்தப் பூட்டும் வரவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்: "அது மகள்ட வீடு. போன மாசம்தான் உறுதி முடிச்ச. மேலயும் கீழயும் மாபிள்."

"அப்ப வீட்டுச் சொந்தக்காரர்ட கடிதம் வேணும். நீங்க அங்க இருக்கிறதுக்குச் சம்மதம் எண்டு. கிராம சேவகர்ட கையொப்பத்தோட."

மாபிளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

வெளியே வந்து மகளுக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் சம்மதிக்காட்டி வாப்பா?"

"சம்மதிக்காட்டி உன்ட சாச்சா வந்து வொலியா இரிப்பார். படத்துக்கும் நிப்பார்."

"அல்லாஹ்வே, வாணாம்! இப்பவே எழுதுறன், போன வைங்கவன்."

மாலைக்குள் கடிதத்தின் படம் தொலைபேசியில் வந்தது. கிராம சேவகரின் முத்திரைக்கு மேலே அவளுடைய உருண்டைக் கையெழுத்து: "எனது வாப்பா எனது முழுச் சம்மதத்துடன் எனது வீட்டில் நிரந்தரமாக வசித்து வருகிறார்." வசித்து வருகிறேனாம்! பதினெட்டு வருஷத்து விடுமுறைகளையெல்லாம் ஒன்றாக அடுக்கினாலும் அந்த வீட்டில் நான் இரண்டு வருஷம் இருந்திருக்கமாட்டேன். தங்குமிடத்தில் என் கட்டிலில் இருந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுகை வந்தது, அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் ஊரில் யாரோ இறந்த மௌத்துச் செய்தி என்று நினைத்துத் தேநீர் போட்டுத் தந்தார்.

கடிதத்தோடு படிவம் கொழும்புக்குப் போனது. காவினுக்கு ஒன்பது நாள் இருக்கப் புதுக் கடவுச்சீட்டு வந்தது. அந்த ஒன்பது நாளுக்குள் தம்பி எனக்கு மூன்று தடவை அழைத்து, "காக்கா, வரக் கஷ்டமெண்டா யோசிக்காதீங்க, நான் இரிக்கன்தானே" என்று ஆறுதல் சொன்னான். கோட்டும் தைத்துவிட்டான் என்று பிறகு அறிந்தேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டு மண்டபத்தில் காவின். பதிவாளர் என்னிடம் வொலியின் முகவரி கேட்டார். மகள் கடிதத்தில் எழுதியதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அடுத்து மாப்பிள்ளையிடம் கேட்டார். அவர் நிந்தவூரிலிருக்கும் தன் உம்மாவின் வீட்டு இலக்கத்தைக் கணீரென்று சொன்னார். இரவு அவருடைய சூட்கேஸ் அந்த வீட்டிலிருந்து இங்கே வந்து இறங்கும்.

அவருடைய கையைப் பிடித்தேன். சொல்ல வேண்டியதை, தம்பிக்கும் தெளிவாகக் கேட்கும்படி, முழுதாகச் சொல்லி முடித்தேன். துஆ முடிந்தும் கையை விடாமல் அவருடைய காதுப்பக்கம் குனிந்தேன்.

"மருமகன், உங்கட பாஸ்போட் எப்ப முடியுது?"

"இன்னும் எட்டு வருஷம் இரிக்கி மாமா," என்று சொல்லிச் சிரித்தார். இந்த வீட்டுக்குச் சூட்கேசோடு வந்த அன்று நானும் அப்படித்தான் சிரித்தேன்.