தாராவியில் நான் துடைத்த கணினி

கம்ப்யூட்டர் பைத்தியங்களில் என்னைப் போன்ற ஒரு ரகம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் அவர்கள் கணினியில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்போம். கள்ளக் காப்பி மென்பொருள் என்றால் முகம் சுளிப்போம். மாட்டுங்காவில் ஓர் உடுப்பி ஓட்டலில் ஞாயிறுதோறும் கூடுகிற நாங்கள் ஆறு பேரும் இந்த ரகம்தான். லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் எந்த ரகம் உயர்ந்தது, எந்தக் கீபோர்டு எப்படிச் சத்தம் போடுகிறது என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுவோம். ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. லினக்ஸ் போட்டால் முழுசாகப் போட வேண்டும். பழைய இயங்குதளத்தையும் அதே மெஷினில் ஒரு பக்கம் வைத்துக்கொள்கிறவன் கோழை. எங்களுடைய அந்த ஒற்றுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பெண்மணி டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், எல்லாவற்றையும்விட நினைவஞ்சலி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் வருடா வருடம் அதே தேதிக்கு அதே கடைக்கு வருவார்கள். போன வருடத்து பேனரையே எடுத்து, எட்டாம் ஆண்டை ஒன்பதாம் ஆண்டாக்கிக் கொடுத்தால் போதும். கடையின் பிழைப்பே அந்தப் பழைய ஃபைல்கள்தான்.

ஒரு பத்திரிகை அடிக்கப் போன என்னிடம், வைரஸ் வந்து மெஷின் தினமும் நின்றுவிடுகிறது என்றார். போதாதா எனக்கு? சுதந்திரம், உரிமை என்று நின்றபடியே ஒரு பிரசங்கம் செய்தேன். அவருக்குக் கள்ளக் காப்பி போட்டுக் கொடுத்த, கோவண்டிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைத் திருடன் என்றேன்.

"நீங்க படிச்சவிய, பாத்துச் செய்யுங்க" என்றார்.

ஃபைல்களையெல்லாம் காப்பி எடுத்துக்கொண்டு மெஷினை மொத்தமாகத் துடைத்தேன். லினக்ஸ் போட்டு, ஃபைல்களைத் திரும்ப வைத்தேன். அவற்றில் ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? இல்லை.

நாலாம் நாள் போன் வந்தது. "ஒண்ணுமே தொறக்க மாட்டேங்கு சார். சட்டுனு வாங்க."

போனால், கடையில் ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் வீட்டுக்காரரின் நினைவு நாள். ஃபைலைத் திறந்தேன். எழுத்தெல்லாம் சிதறிக் கிடந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். வேறு படம் இருந்தால் கொடுங்கள் என்று அந்த அம்மாளிடமே கேட்டேன், வெட்கமில்லாமல்.

"இருந்தது ஒரே படம். அதுவும் மழைத்தண்ணியில ஊறிப் போச்சு. போன வருசத்து பேனரத்தான் ஒழுகுதுன்னு கூரையில விரிச்சோம், வெயில்ல மூஞ்சி அழிஞ்சிட்டு. இவ மெசின்ல அவரு இருக்காருன்னுதான் நிம்மதியா இருந்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஃபைலைத் திறக்கும் மென்பொருள் லினக்ஸில் ஓடாது; அதை விற்ற கம்பெனியும் என்றோ கைவிட்டுவிட்டது. செத்த மனுஷனின் முகத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் போக இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஆனால் நான் கை வைக்கும்வரை அந்த முகம் திறந்துகொண்டுதானே இருந்தது? எங்கள் ஆறு பேர் குழுவில் உதவி கேட்டேன். ஒருவன், "ஒரிஜினல் போட்டோவை அவங்க பத்திரமா வச்சிருக்கணும்" என்று பதில் போட்டான். இன்னொருவன் திறந்த ஃபைல் வடிவங்களின் அவசியம் பற்றி நாலு பத்தி எழுதினான். இருவருக்கும் நான் எழுதிய பதிலை இங்கே அச்சிட முடியாது.

கடைசியில் கடைக்கார அம்மாவே கோவண்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவன் பஸ் பிடித்து வந்தான். நான் அவனைத் திருடன் என்று சொன்னது அவன் காதுக்கும் போயிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான்.

"அரே சார், ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா போதுமே."

டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, சின்னதில் என் லினக்ஸை விட்டுவிட்டு, பெரிய பாதியில் பழைய கள்ளக் காப்பிகளை ஏற்றினான். ஒன்றரை மணி நேரம் நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஃபைல் திறந்தது. மீசையை முறுக்கிவிட்டு, கழுத்துவரை பட்டன் போட்ட ஒருவர் திரையில் வந்தார். அந்த அம்மாள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்து, "இவருதான்" என்றார். நான் அந்தப் படத்தைத் தனியே எடுத்து அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

கிளம்பும்போது மெக்கானிக் கேட்டான்: "அக்கா, சார் போட்டத எடுத்துரட்டா? காலிபீலி, சும்மா இடத்த அடைக்குது."

கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்பா. ஆசப்பட்டுப் போட்டுட்டாரு. ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டும்."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.