சாவு முடிந்த பெரியவர்

இன்று ராசிபுரம் போகும் பேருந்தில் இருவர், சாகாமலே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார்.

எண்பதுகளில் இதே ராசிபுரம் சாலையில், எருமப்பட்டிப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். செத்துவிட்டார் என்று தூக்கிப்போன பிறகு, சுடுகாட்டில் பாடையிலிருந்து எழுந்தவர். மகன் மொட்டையடித்து நீர்க்குடமும் உடைத்துச் சாவுச் சடங்கு முடிந்துவிட்டதால், வீட்டுக்குள் விடாமல் தோட்டத்துச் சாளைக் குடிசையில் வைத்திருந்தார்கள்.

"சேலம் சந்தைக்குப் போறேனுங்க. வெண்ணந்தூர்ல மவ படுத்த படுக்கையாக் கெடக்கறா. பாக்கோணும்."

"இன்னைக்கே பாத்துருங்க."

"என்ன அவசரமுங்க? எனக்குத்தான் எல்லாக் காரியமும் முடிஞ்சு போச்சே. இனி சாவு இல்லீங்க. எப்ப வேணா போலாம்."

சிரித்தார். தோளோடு தோள் உரசியும் அவர் உடம்பில் சூடே தெரியவில்லை.

"உங்களுக்கு இல்லைன்னே வெச்சுக்குவோம். மவளுக்கு இருக்குதுங்களே?" என்றேன். கேட்டிருக்கலாமா என்று இன்றும் தெரியவில்லை.

அவர் முகத்தில் மெல்லப் பயம் படர்ந்தது. அதன் பிறகுதான் அது உயிருள்ள முகமாகத் தெரிந்தது. வெண்ணந்தூருக்குப் பிரியும் சாலையைப் பேருந்து தாண்டியிருந்தது.

"வண்டிய நிறுத்துங்க சாமீ!" என்று கத்தியபடி எழுந்து, படிக்கட்டுக்கு ஓடினார்.

சாகாவரம் கேட்கும் நண்பர்களே, பார்க்க வேண்டியவர்களை எந்தக் கிழமை பார்ப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.