நீர்யானைக் கண்டாக்கு

அந்தப் பழைய கார்ட்டூனைத் தேடித் தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா என்று நான் ஏறி இறங்காத கடை இல்லை. இந்தக் காலத்தில் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டால் கடைகளில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. ஐந்து வருடம் கழித்து அக்கா குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தாள். அவள் பெற்ற மகளோ அவள் பக்கத்தில்கூடப் போகமாட்டேன் என்றாள்.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது பிள்ளைக்கு மூன்று வயது. அக்கா புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போனான், போனவன் போனவன்தான். லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிள்ளையை வளர்த்தது நான். என்னைத்தான் அம்மா என்பாள். பெற்றவள் ‘குவைத் அம்மா’. வாரம் தவறாமல் ஃபோனில் முகம் பார்த்துச் சிரித்த பிள்ளைதான், அந்த முகம் ஃபோனை விட்டு இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மிரண்டுபோனாள். கொண்டுவந்த பொம்மை, சாக்லேட், சட்டை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அக்கா அழவில்லை. பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் கார்ட்டூன் நினைவுக்கு வந்தது.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது லயத்துக்கே ஒரு டீவிதான். கடைசிக் காம்பரா வீட்டில், டவுனில் சார்ஜ் ஏற்றிவந்த கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. சாயங்காலம் கார்ட்டூன் போட்டால் பிள்ளைகள் மட்டுமில்லை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களும் கூடையோடு வாசலில் நிற்பார்கள். கார்ட்டூன் பேசுவது சிங்களம். எங்கள் கூட்டத்தில் சிங்களம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். தெரியும் என்றால், பேக்கரியில் பாண் வாங்குகிற அளவுக்கு. அதை வைத்துக்கொண்டு டீவிக்குப் பக்கத்தில் நின்று, குரலை மாற்றி மாற்றி, அத்தனை வசனத்தையும் தமிழில் சொல்லுவாள்.

ஒரு குண்டு நீர்யானையும் அதன் வீட்டில் குடியிருக்கும் ஒல்லிக் கொக்கும்தான் கதை. நாங்கள் நீர்யானையைக் கண்டதில்லை. ஆனால் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் தடியோடு அதட்டுகிற ஆளை நன்றாகத் தெரியும். மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா! விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அக்காவின் நீர்யானை எல்லாரையும் விரட்டும். “பெரட்டுக்கு நேரமாச்சு, இன்னும் என்னா தூக்கம்?” கொக்கு கெஞ்சும். “ராவெல்லாம் மழைங்க ஐயா, கூரை ஒழுகுதுங்க.”

ஒரு நாள் கொக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. வாசலில் நின்ற ஒரு பெரியம்மா நெஞ்சில் கைவைத்து, “அடி ஆத்தே, பேர் வெட்டிட்டாங்களா?” என்றார். தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை போயிற்று என்று அர்த்தம். அன்றைக்கு லயம் முழுக்கக் கொக்குக்காக வருத்தப்பட்டது. அடுத்த வாரம் கொக்கு திரும்பி வந்ததும், “யூனியன்ல பேசி எடுத்திருப்பாங்க” என்று அதே பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். அதை மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் டவுன் துணிக்கடையில் வேலை பார்த்து நல்ல சிங்களம் பழகிய பிறகு, மறுபடி போட்டபோது பார்த்தேன். அது ஏதோ வாடகைச் சண்டை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அக்காவின் கதை எவ்வளவோ மேல்.

கடைசியில் ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானா கடையில்தான் கிடைத்தது. ஒரு காலத்தில் வீடியோ கெசட் வாடகைக்குக் கொடுத்தவர், இப்போது ஃபோன் கவர் விற்கிறார். தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார்.

“சிங்களத்துல தேடாதீங்க தங்கச்சி. அது டீவில போட்டதோட சரி, கெசட்லயும் வரல்ல, டிஸ்க்லயும் வரல்ல. இங்கிலீஷ்லதான் ஈக்கிது.”

இங்கிலீஷாவது இருக்கிறதே என்று வாங்கிவந்தேன். மூலையில் துணி போர்த்திக் கிடந்த பிளேயரைத் துடைத்து டீவியில் மாட்டினேன். நீர்யானை தொப்பியோடு வந்தது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ், குவைத் மேடத்தின் ஏச்சு விளங்குகிற அளவுக்கு. அதனால் என்ன, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் டீவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெரட்டுக்கு நேரமாச்சு, இன்னும் என்னா தூக்கம்?”

என் மடியிலிருந்த பிள்ளை நிமிர்ந்தாள். இங்கிலீஷ் பாடத்தில் கெட்டிக்காரி.

“அது அப்புடிச் சொல்லல. குட் மோர்னிங்னுதான் சொல்லுது. நீங்க பொய் சொல்றீங்க.”

அக்கா வந்ததிலிருந்து அவளிடம் பிள்ளை பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அக்கா அசரவில்லை.

“கண்டாக்கு ஐயா காலங்காத்தால குட் மோர்னிங் சொன்னா என்னா அர்த்தம்? பெரட்டுக்கு நேரமாச்சுன்னு அர்த்தம். ஒனக்கு என்னா தெரியும்?”

பிள்ளை டீவியைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப கொக்கு என்னா சொல்லுது?” என்றாள். கொக்கு முடிப்பதற்குள் என் மடியை விட்டு இறங்கிப்போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் உண்மை.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் சண்டைதான். ஒருத்தி சொல்லுவாள், மற்றவள் திருத்துவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் ரொட்டி தட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நாள்கள் அப்படியே ஓடின. அக்காவின் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அந்த வாரத்திலிருந்து பிள்ளை கார்ட்டூன் கேட்பதை நிறுத்திவிட்டாள். சலித்துவிட்டது போல என்று நினைத்து, ஒரு சாயங்காலம் நானே போடப் போனேன். பிளேயர் காலி. தேடினால், டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு கதவு மூலையில் நிற்கிறாள்.

“போடாதீங்க சித்தி. ஒரு கதைதான் மிச்சம் இருக்கு. அது முடிஞ்சா அம்மா போயிருவாங்க.”

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுத அழுகை பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும். நான் அங்கேயே நின்றேன். சித்தி என்ற சொல் எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் சரியாகத்தான் சொன்னாள்.

அக்கா திரும்பிப் போகவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போனாள். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருந்தது. வேன் கிளம்பும்போது பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் ஒளியவில்லை, வேனுக்குப் பின்னால் ஓடினாள். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்த கையைக் கடித்தாள். கடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து, “சித்தி, அம்மா வருவாங்கதானே?” என்றாள். வருவாங்க என்றேன்.