பெட்டியில் அடங்கும் கணினி

இந்த ஊரில் கரண்ட் போவதில்லை. வந்து ஏழு வருடமாகியும் எனக்கு இது ஒன்றுதான் பழகவில்லை. குளிர் பழகிவிட்டது. லிஃப்டில் என்னைப் பார்த்ததும் பேச்சு கொடுத்துவிடுவேனோ என்று பயந்து பக்கத்து வீட்டுக்காரர் தன் காலணியைக் குனிந்து பார்ப்பதும் பழகிவிட்டது. ஆனால் காற்று பேயாய் அடிக்கும் நாளில்கூட விளக்கு ஒருமுறை கண் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். இன்றும் என் தலையணைக்கு அடியில் ஒரு டார்ச் லைட் இருக்கிறது. அதை அடிப்பதற்கு இதுவரை ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அதனால்தான் விளையாடுவதற்கென்று ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிக் கோக்கலாம் என்று கடைக்குப் போனபோது, முதல் வேலையாக ஸ்டெபிலைசர் கேட்டேன். தாடி வைத்த விற்பனையாளர் யோசித்துவிட்டு, உங்கள் வீட்டு மின்சாரத்தில் என்ன கோளாறு என்று கேட்டார். எங்கள் வீட்டில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் மாறிவிட்டது. இது ஆபத்து, உடனே குடியிருப்பு நிர்வாகத்திடம் புகார் கொடுங்கள் என்று ஒரு தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தார். நான் சொன்ன வீடு பூம்பாறையில் இருக்கிறது என்று விளக்கப் புறப்பட்டால் நீளும். “கீடோஸ்” என்று நன்றி சொல்லித் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

பூம்பாறையைக் கொடைக்கானல் போகிற ஊர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள். மேலே ரோட்டில் காரை நிறுத்தி, அடுக்கடுக்கான வயல்களையும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கும் வீடுகளையும் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அந்த வீடுகளில் ஒன்றின் மாடியறைக்குத்தான் எங்கள் முதல் கணினி வந்தது. ஒரு வருடம் பூண்டுக்கு நல்ல விலை கிடைத்ததும் அப்பா மதுரைக்குப் போய், கடைக்காரர் கோத்துக் கொடுத்ததை பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். மானிட்டரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்து, மலை வளைவுகள் முழுக்க அதைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாராம். கீழே அடுப்பு, அதற்கு மேலே பரணில் புகைபட்டுக் காய்கிற பூண்டுக் கட்டுகள், அதற்கும் மேலே எங்கள் கணினி. ஈரத்தில் காலையில் உயிர் வராது. பக்கத்தில் ஒரு குண்டு பல்பைப் போட்டு, இரண்டையும் சேர்த்துக் கம்பளியால் மூடிச் சூடு காட்டினால்தான் கண் திறக்கும். ஒருநாள் மூடியைக் கழற்றினால் ஃபேனுக்குள் முழுக்கப் பூண்டுச் சருகு.

எனக்கும் தம்பி வேலுவுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு. கார்ப் பந்தயத்தில் வளைப்பது நான், பிரேக் அவன். “பிரேக்க போடுலே” என்று நான் கத்துவேன். “நீ ஏன்க்கா பள்ளத்துக்கே விடுற” என்று அவன் கத்துவான். கீழிருந்து அம்மா, “ரெண்டு பேருக்கும் வேற சோலியே இல்லியா” என்பார். அந்த மூன்று குரலையும் சேர்த்துக் கேட்க இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வேலு இப்போது பூண்டும் கேரட்டும் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவனுக்கு வேலை இருக்காது, எனக்கு அப்போது மதியம். ஊருக்குள் ஃபைபர் இணைப்பு வந்ததிலிருந்து இருவரும் அந்த நேரத்தில் சேர்ந்து விளையாடுகிறோம். ஆளில்லாத மலை ஒன்றில் மரம் வெட்டி, வீடு கட்டி, பயிர் வைத்து வாழ்கிற விளையாட்டு. பகலெல்லாம் மண் கொத்திவிட்டு வந்து இங்கேயும் கொத்துகிறாயே என்று கேலி செய்தால், “இங்க முதுகு வலிக்காதுல்லக்கா” என்பான். போனில் எங்களுக்குப் பேச்சே வராது. சாப்பிட்டியா, மழையா, அம்மாவுக்கு மருந்து இருக்கா, அவ்வளவுதான். விளையாட்டுக்குள் போனால் மணிக்கணக்கில் பேசுவோம். கை வேலையாக இருந்தால்தான் எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் திறக்கும். என் பழைய மடிக்கணினி செத்துப்போனபோது அந்த ஞாயிறுகளும் போயின. எனக்குக் கணினி தேவைப்பட்டது இதற்குத்தான். தம்பி கையை விட்டுப் போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

என்னைவிட அவனுக்குத்தான் அவசரம். வயலில் நின்றபடி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். பின்னால் மருந்து தெளிக்கும் மோட்டார் சத்தம் கேட்கும். “அக்கா, பிராசஸர்ல கஞ்சத்தனம் பண்ணாத. ராம் பெறகு கூட போட்டுக்கலாம். ஆனா கேபினட் மட்டும் சின்னதா எடு. ஊருக்கு வரும்போது பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்துரலாம்ல.” பாகங்களைப் பொருத்தும் கூடான கேபினட் சின்னதாக இருந்தால் நீளமான கிராபிக்ஸ் கார்டு உள்ளே நுழையாது, சூடும் ஏறும். அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதே பேச்சு. அது பெட்டியில் அடங்குமா?

எனக்கும் அது புதிதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மிக்ஸியோ மேசையோ எது வாங்கினாலும் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம். வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டியைத் தெர்மோகோலோடு சேர்த்துப் பத்திரப்படுத்துகிறோம். என் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள்தான் குடியிருக்கின்றன. துடைப்பத்துக்குக்கூட அங்கே வழி கிடையாது.

அதனால் அடுத்த தடவை கடைக்குப் போனபோது காலிச் சூட்கேஸை உருட்டிக்கொண்டே போனேன். கேபினட்டை இங்கே கொத்தெலோ என்பார்கள். அடுக்கி வைத்திருந்த கொத்தெலோக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி சூட்கேஸுக்குள் வைத்து, மூடி ஜிப் இழுபடுகிறதா என்று பார்த்தேன். அதே தாடிக்காரர் வந்து நின்றார். முதல்முறையாகச் சிரித்தார். இந்த நாட்டில் விளையாட்டுப் பிரியர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே மண்டபத்தில் சேர்ந்து உட்கார்ந்து விளையாடுவார்கள். நானும் அப்படிப் போகிறவள் என்று நினைத்துவிட்டார். “எந்தக் கூட்டத்துக்கு? எப்போது?” என்றார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது பொய்யில்லை.

பொருத்தமான சின்ன கேபினட் ஒன்றைப் பார்த்துப் படம் பிடித்து வேலுவுக்கு அனுப்பினேன். வழக்கமாக உடனே பதில் வரும். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வந்த வாய்ஸ் மெசேஜில் மோட்டார் சத்தம் இல்லை. “அக்கா, பெருசாவே வாங்கிரு. சின்னதுல சூடாகும். பெருசுதான் நல்லது.” அவ்வளவுதான். இத்தனை நாள் பெட்டி பெட்டி என்று உயிரை எடுத்தவன் இப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. உடனே கூப்பிட்டேன்.

“ஏலே, என்ன விசயம்?”

“ஒண்ணுமில்லக்கா. வீடியோவுல பாத்தேன். பெருசுதான் நல்லதாம்.”

“அம்மாவுக்கு ஏதும் முடியலையா?”

“சே, அதெல்லாம் இல்ல. கெளாவரைல ஒரு இடம் பாத்தாக. பொண்ணு வீட்டுல சரின்னுட்டாக. தையில வச்சுக்கலாம்னு...”

“அட, இத ஏன்டா மென்னு முழுங்குற? நல்ல சேதிதானே!”

“ஆமாக்கா. அதான்... மாடி ரூம்பு...” என்றான்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போனது. துணிப்பையோடு நான் திரும்பி வந்து நின்ற அன்று வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலு மட்டும் மாடிக்குப் போய்த் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, கீழே பூண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டான். அன்றிலிருந்து அது என் அறை. நான் விமானம் ஏறிய பிறகும் அவன் மேலே போய்ப் படுக்கவில்லை. விளையாடும்போது காமிராவில் அவனுக்குப் பின்னால் மூட்டைகள்தான் தெரியும். இத்தனை ஞாயிறும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவன் சின்ன கேபினட் வாங்கச் சொன்னதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் புரிந்தது. அக்கா, நீ வருவாயா, நான் அறையை வைத்திருக்கட்டுமா? எங்கள் வீட்டில் இதை நேராகக் கேட்க யாருக்கும் வராது.

புரிந்ததும் பாசம் பொங்கியது என்று எழுத ஆசைதான். கோபம்தான் வந்தது. “என் ரூம்ப எடுத்துக்கிறதுக்கு என்கிட்ட கேபினட் கதை சொல்றியா?” என்று கத்திவிட்டு போனை வைத்தேன். இரவுப் பணிக்குப் போய், நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசினேன், தம்பியை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். காலையில் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டேன். முதல் வருடம் வாங்கிய அரிசிக் குக்கரின் பெட்டிகூட இருந்தது. அந்தக் குக்கர் பழுதாகித் தூக்கிப் போட்டே நாளாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். திரும்பிப் போகப்போவதில்லை என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதை நான் வாய்விட்டுச் சொல்லாததால் என் தம்பி ஏழு வருடம் மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தான்.

கடையில் இருந்ததிலேயே பெரிய கொத்தெலோவை வாங்கினேன். அதற்கேற்ற நீளமான கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். தாடிக்காரர் என் சூட்கேஸ் எங்கே என்று தேடினார். கூட்டத்துக்குப் போகவில்லை என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வீட்டுக்கு வந்து வேலுவைக் கூப்பிட்டேன்.

“ரூம்ப எடுத்துக்கலே. வெள்ளை அடிக்காத, அழுக்காகும். அந்தப் பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டு அடி.”

அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். “அப்ப நீ வரமாட்டியாக்கா?” என்றான்.

அறை வேண்டும் என்று தவித்தவன்தான் இதைக் கேட்டான். நான் என்ன சொல்வேன்? “கல்யாணத்துக்கு வராம இருப்பேனா? பத்து நாள் லீவு போட்டு வர்றேன்” என்றேன். விருந்தாளிகள்தான் இப்படி நாள் சொல்லி வருவார்கள். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. “வெரசா வா” என்று மட்டும் சொன்னான்.

கணினியை நானே கோத்தேன். நரம்பில் ஊசி போடுகிற கவனத்தோடு மதர்போர்டில் பிராசஸரை உட்கார வைத்தேன். முதல் தடவையிலேயே உயிர் வந்துவிட்டது. ஞாயிறு மதியம் விளையாட்டைத் திறந்ததும் திகைத்துப்போனேன். வலுவில்லாத கணினியால் தூரத்தில் இருப்பதை வரைய முடியாது. அதனால் அந்த விளையாட்டு, தூரம் முழுவதையும் பனிமூட்டம் போட்டு மறைத்துவிடும். என் பழைய மடிக்கணினியிலும் வேலுவின் பழைய கணினியிலும் பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கும். அங்கே எப்போதும் பனிமூட்டம்தான், அதுதான் அந்த மலையின் இயல்பு என்றே நானும் வேலுவும் நினைத்திருந்தோம். இப்போது ஒரு துளிப் பனி இல்லை. வரிசை வரிசையாக மலைகள், அடியில் ஒரு ஏரி. நாங்கள் கட்டிய மரவீட்டுக்குக் கொஞ்சம் கீழே இப்படி ஓர் ஏரி இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நான் உச்சியில் நின்றிருந்தேன். கீழே வீட்டு வாசலில் வேலு எறும்பளவுக்குத் தெரிந்தான்.

“வந்துட்டியாக்கா? எங்க நிக்கிற?”

“மேல, உச்சில. நீ நல்லாத் தெரியிறலே.”

“எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒரே மூட்டமால்ல கெடக்கு. கையக் காட்டு.”

நான் கையை உயர்த்தி ஆட்டினேன். அவன் வாசலிலேயே நின்று ஒவ்வொரு திசையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். என் பக்கமும் ஒருமுறை பார்த்தான். பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.